அஞ்சாம் தேதிக்குள் ஒரே டேக்

செப். 22, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடுது, மிரட்டுது, கலைஞ்சு போயிடுது. பியானோவுக்குள் பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே ஈரம் தங்காமல் இருக்க ட்யூனர் மோசஸ் சார் வைக்கச் சொன்னது. அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "கோழிக்குஞ்சு பொரிச்சிதா?" என்று கேட்கிறாள். சிரிப்பு வரவில்லை.

மோசஸ் சார் இன்றும் வரவில்லை. சென்னையிலிருந்து வர வேண்டிய ஆள். ஒரே ஒரு பியானோவுக்காக பூரணாங்குப்பம் வரை வந்தால் கட்டுப்படி ஆகாதாம், டவுனில் இன்னும் ரெண்டு வீடு சேரட்டும் என்கிறார். அடுத்த திங்கள் கண்டிப்பாக என்றார். இது மூன்றாவது கண்டிப்பாக.

நிலவரம்:
நடு எஃப்: தகர டப்பா.
கீழே பி ஃப்ளாட்: ரெண்டு கம்பியும் ரெண்டு ஊர்.
மேல் வரிசை: பரவாயில்லை.
வலது பெடல்: கீச்.
நான்: அதை விடக் கீச்.

பிரான்ஸில் நடக்கிற போட்டிக்கு வீடியோ அனுப்பக் கடைசி நாள் அக். 5, ஞாயிறு. மூன்று துண்டு. நாலு குரல் பின்னி வரும் ஃப்யூக் (இனிமேல் ஃ.), விரல் ஓட்டமான எட்யூட் (எ.), ஸொனாட்டாவின் மெதுவான பாகம் (ஸொ.). மூன்றையும் ஒரே டேக்கில் வாசிக்கணும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கீபோர்டு கூடாது, கம்பி உள்ள நிஜப் பியானோ வேண்டும். சுவரோடு நிற்கிற சின்னப் பியானோவானாலும் சரி. தேறினால் அங்கே போய் நேரில் வாசிக்கலாம். ஜெயித்தால் ஒரு வருடம் அங்கேயே படிப்பு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வைக்கிறார்கள். எனக்கு ஜனவரியோடு வயது வரம்பு தாண்டுகிறது. ஆக, இதுதான். இது போனால் அரியாங்குப்பத்தில் ஆயுசுக்கும் மியூசிக் மிஸ்.

சாயந்திரம் ஃ. மட்டும். மோசம்.


செப். 24, புதன்

வெயில். பஸ் கூட்டம். பள்ளியில் ஆண்டு விழாப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. யூகேஜி பிள்ளைகள் மீன் வேஷம் போட்டு ஆடப் போகிறார்கள். நான் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டு, அது பாட்டுக்கு ஓட, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தணுமாம். வாசிக்கவே வேண்டாமா மேடம் என்று கேட்டேன். வாசிச்சா குழந்தைங்களுக்குக் குழப்பமா இருக்கும் மிஸ் என்றார் பிரின்சிபல். நல்ல மனுஷிதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரலில் டவுனில் வாசித்தபோது பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பியானோ அம்மா கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரிடம் படித்தாய் என்றாள். பத்தாவது வரைக்கும் கான்வென்ட் ஸிஸ்டரிடம், அப்புறம் வீட்டில் நானே, போனில் கேட்டுக் கேட்டு என்றேன். நம்பவில்லை. இன்னொன்று வாசிக்கச் சொன்னாள். அதன் பிறகுதான் இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னாள். "நீ போகாவிட்டால் யார் போவது" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள், பாதி புரியவில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். யூகேஜி மீன்களோடு சாயந்திரம் ஆகிவிடுகிறது.

அம்மன் கோயிலில் நவராத்திரி ஸ்பீக்கர். ஒன்று சரியாக நம் வீட்டைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த வியாழன், விஜயதசமி வரைக்கும் விடிந்ததிலிருந்து பாட்டுதான். அண்ணன் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பார்த்தான். பண்டிகை முடியட்டும்பா, வெள்ளிக்கிழமைலேர்ந்து உன் தங்கச்சி எவ்வளவு வேணா வாசிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக: திங்கள் ட்யூனிங். வெள்ளி அக். 3 ரெக்கார்டிங். சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. போதும். போதும் போதும்.


செப். 26, வெள்ளி

மத்தியானம் மழை. அம்மா பாகூர் சந்தையிலிருந்து பாதிக் கூடை மீனோடு திரும்பி வந்தாள். புரட்டாசி. பாதி ஊர் கவிச்சி தொடாது. ஆக நமக்கு மத்திக் குழம்பு, மத்தி வறுவல், நாளைக்கும் மத்தி.

சாயந்திரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஏழுமலை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தான். தினமும் அங்கேதான். அப்பா போனதிலிருந்து போட்டும் அவன்தான், வீடும் அவன்தான். இந்தப் பியானோவே அவன் கொண்டுவந்தது. டவுனில் ஒரு சொல்தா குடும்பம், தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், வீட்டை விற்றுவிட்டுப் பாரீஸ் போகும்போது யாராவது தூக்கிக்கொண்டு போனால் சரி என்றார்கள். அண்ணன் கூட்டாளிகளோடு போய், போட்டைக் கரையேற்றுவதுபோல் கழி கொடுத்துத் தூக்கி, டாடா ஏஸில் ஏற்றி, வரும் வழியெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தான். தெருவே பீரோ என்று நினைத்தது.

ஜன்னல் வழியாகக் கேட்டான், எதுக்குடி இடது பக்கம் தொண்டை கட்டின மாதிரி இருக்குது என்று. கம்பியில் உப்புக் காற்று ஏறித் துரு பிடிக்குதுண்ணா என்றேன்.

"எஞ்சினுக்கும் அதான்டி. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி வுட்டு அலசி, எண்ணெத் துணி போட்டுத் தொடைக்கலன்னா ஒரு சீசன் தாங்காது."

எ.-வில் வலது கை விரல் மாற்றம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாண்ணா, அதேதான் என்றேன். நாலாவது விரலுக்குப் பதில் மூணாவது. சரியாக வருது. ஏன் இத்தனை நாள் தோணலை.


செப். 29, திங்கள்

மோசஸ் சார் வந்துவிட்டார்!

பையை வைத்ததுமே, ரெண்டு கொக்கியையும் திருகி, முன் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து உச்சுக் கொட்டினார். அண்ணன் டார்ச் பிடித்தான். ஒவ்வொன்றாகக் கேட்டான். இது இன்னா சார், சுத்தியலா. அது இன்னா சார், கம்பளியா. கட்டையை அழுத்தினா சுத்தியல் போயி கம்பியை அடிக்குது, அடிச்சிட்டுத் தானா திரும்புதா. கட்டையை எடுத்துட்டா அந்தக் கம்பளி வந்து சத்தத்தை அமுக்குதா. சார் பொறுமையாகச் சொன்னார். எனக்குத்தான் பொறுமை இல்லை, சும்மா இருண்ணா என்று ரெண்டு தடவை சொன்னேன்.

உப்பு தின்னுதும்மா, சுத்தமா வெச்சுக்கங்க, உப்புப் படிய வுடாதீங்க என்று கிளம்பும்போது சொன்னார். அண்ணன்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

நடு எஃப் மணி. பி ஃப்ளாட் மணி. பெடல் கீச் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில். ஸ்பீக்கர் சத்தத்தோடே வாசித்தேன். அம்மன் என்னை மன்னிக்கட்டும்.


செப். 30, செவ்வாய்

பள்ளியில் காலையில் பூஜை, பொரி, அரை நாள் லீவு. வீட்டுக்கு வந்ததும் கரண்ட் போனது. கரண்ட் போனால் ஸ்பீக்கரும் போகும்! மொத்தக் குப்பமும் கப்சிப். கடல் சத்தம் மட்டும்.

உட்கார்ந்தேன். ஃ., எ., ஸொ. மூன்றும் தொடர்ந்து. இதுவரைக்கும் அப்படி வாசித்ததில்லை. இனிமேல் வாசிப்பேனா தெரியாது. ஃ.-வில் நாலு குரலும் நாலு ஆளாகப் பேசின. ஸொ. முடிந்தபோது வியர்வையில் பாவாடை ஸ்டூலோடு ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டுப் போனை எடுத்தேன். சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. காலையிலிருந்து கரண்ட் இருந்ததே, எருமை, அப்போது போட்டிருந்தால்?

வெளியே அண்ணன் மட்டும். கடைசியா வாசிச்சது நல்லா இருந்திச்சி என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

பரவாயில்லை. வெள்ளிக்கிழமை இதையே வாசிப்பேன். ஒரு தடவை வந்தது மறுபடி வரும்.

நாளைக்கு ஆயுத பூஜை. டவுன் ஓட்டலில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து சாயந்திரம் வரை. அம்மாவிடம் சொல்லி வைத்தவை:
1. சந்தனம், குங்குமம் வெளிப் பலகையில் மட்டும். கட்டைகள் மேல் வைக்கவே கூடாது.
2. கற்பூரம் தள்ளி.
3. தேங்காயை அதன் மேல் உடைக்காதே.
4. எலுமிச்சம்பழம் வேண்டுமானால் கீழே, பெடல் பக்கம்.
அம்மா: "பொட்டி மேல உனக்கிருக்கிற அக்கறை எங்க மேல இருந்தா ஆவாதா." சரி என்றாள்.


அக். 1, புதன்

எழுதிவிட்டால் ஆத்திரம் குறையுமோ என்று எழுதுகிறேன்.

ஓட்டலில் பகல் முழுக்க வெள்ளைக் கீபோர்டு. லீவுக் கூட்டம். ஒரு குடும்பம் பிறந்தநாள் பாட்டு கேட்டது, இன்னொருவர் சினிமாப் பாட்டு, இன்னொருவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே வாசித்தேன். வெள்ளிக்கிழமை வருகிறது என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் எஞ்சின் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறது. வலை, துடுப்பு, அம்மாவின் தராசு, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு. உள்ளே பியானோ. மேலே செவ்வந்தி மாலை. சந்தனம் நான் சொன்ன இடத்தில்தான். எலுமிச்சம்பழம் பெடல் பக்கம்தான். பக்கத்தில் முன் பலகை கழற்றிச் சாத்தியிருந்தது. தரை ஈரம். வீடு முழுக்க எஞ்சின் ஆயில் வாசனை.

அண்ணன் புதுச் சட்டையில் நின்றான். முகமெல்லாம் பல்.

"நல்ல தண்ணி வுட்டு அலசிட்டேன்டி. நம்ம போர் தண்ணி உப்பு, அதனால கேன் தண்ணி வாங்கினு வந்தேன். கம்பிங்க எல்லாத்துக்கும் ஆயில் துணி. பாரு, பளபளன்னு இருக்குது."

முழுக் கேன். மேலிருந்து, சொம்பு சொம்பாக. இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தானாம், வலது பக்கம் போவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டதால் அங்கே துணி மட்டும்தானாம். அதற்காக வருத்தப்பட்டான்.

கட்டையில் கை வைத்தேன். கீழே போனது, மேலே வரவில்லை. பக்கத்துக் கட்டை. அதுவும். அதற்கடுத்தது. கம்பளியைத் தொட்டால் ஊறின ரொட்டி. படைச்சி வெச்சிருக்குது, நாளைக்கு மறுபூஜை பண்றவரைக்கும் தொடாத என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள். அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். உனக்கு எஞ்சின் தவிர உலகத்தில் எதுவும் கிடையாதா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. அண்ணன் புதுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனான்.

ஆமாண்ணா, அதேதான். நானே எழுதி வைத்திருக்கிறேன், ரெண்டு பக்கம் முன்னால்.


அக். 2, வியாழன்

மூட்டம். இப்போது வெயில் வேண்டும், வராது.

மோசஸ் சாருக்குப் போட்டோ அனுப்பினேன். அப்புறம் அவரே கூப்பிட்டார். சூடு காட்டாதம்மா, வெயிலில் வைக்காதம்மா, ஃபேன் மட்டும் போடு. ஆயிலை ஸ்பிரிட் துணியால் துடை. காய மூணு வாரம் ஆகும். கம்பளியெல்லாம் மாத்தணும். நான் ஊட்டியில் இருக்கேன், வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். எந்த ஞாயிறு என்று கேட்டார்.

வேறு பியானோ:
கான்வென்ட்: ஹால் சாவி வைத்திருக்கும் ஸிஸ்டர் தியானத்துக்குப் போயிருக்கிறார், திங்கள் வருவார்.
டவுன் மியூசிக் ஸ்கூல்: லீவு, திங்கள் திறக்கும்.
ஏப்ரலில் வாசித்த ஹால்: திங்கள் பேசலாம் என்கிறார்கள்.
எல்லாருக்கும் திங்கள். எனக்கு மட்டும் ஞாயிறு.

அண்ணன் சாப்பிட வரவில்லை. கரையிலேயே கிடக்கிறானாம். நல்லது. நானும் பேசப் போவதில்லை. அம்மா சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், மீன் வாசனையோடு.

"அவன் இன்னா வேணும்னா பண்ணான். காத்தால எழுந்ததும் போட்டாண்ட கூடப் போவல. மொதல்ல பாப்பா பொட்டி, அப்புறம்தான் எஞ்சின்னு சொல்லிக்கினு ஆரம்பிச்சான்."

தெரியும்மா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது வேண்டுமென்றே செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

ஃபேன் ஓடுகிறது. இடது பக்கக் கம்பிகளைத் துடைத்தேன். துணி கறுப்பு. நகம் கறுப்பு. ஸ்பீக்கர் கழற்றிவிட்டார்கள். என்ன ஒரு அமைதி, யாருக்கு வேண்டும்.


அக். 3, வெள்ளி

ரெக்கார்டிங் நாள். ஹா.

காலையில் அண்ணன் வாசலில் பைக்கோடு. என்னைப் பார்க்காமல் ஹாண்டில்பாரைப் பார்த்துச் சொன்னான், வில்லியனூர் ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம், புதுசு, அங்க பெரிய பியானோ இருக்குதாம், வெள்ளைக் கலரு, மேடை அலங்காரம் பண்ற நம்ம பையன் போட்டோ காட்டினான், மேனேஜர்கிட்டப் பேசிட்டேன் என்று. போட்டோவில் நிஜமாகவே முழு நீள கிராண்ட் பியானோ. மூடி தூக்கி, குச்சி வைத்து. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அரியாங்குப்பம் தாண்டும்போதே மழை. நிற்கவே இல்லை. மண்டபத்தில் சொட்டச் சொட்ட இறங்கினோம். மேனேஜர் மரியாதையாக விளக்கெல்லாம் போட்டார். போனேன், பார்த்தேன். உள்ளே கம்பியே இல்லை. பிளாஸ்டிக் ரோஜாப் பூ. சீரியல் லைட். கட்டைகள் பலகையில் வரைந்தவை. ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நின்று போட்டோ எடுப்பதற்காம்.

வரைந்த கட்டை மேல் கை வைத்து நின்றேன். மேனேஜர், வாசிங்க மேடம் என்றார், ரொம்ப அன்பாக. எனக்கு எங்கிருந்து வந்ததோ சிரிப்பு. அடக்க முடியவில்லை. திரும்பினால் அண்ணன் அழுதுகொண்டிருக்கிறான். மழைத் தண்ணி என்றான் அப்புறம்.

வழியில் டீ குடித்தோம். போண்டாவைப் பிட்டு என் தட்டில் வைத்தான். அப்புறம்தான் கேட்டான்.

"அந்த சுத்தியல் ஏன்டி திரும்பாம நின்னுக்குது?"

ஊறி உப்பிப் போச்சு, அதான் என்றேன். அடிக்காம இல்ல, அடிச்சிட்டு அங்கேயே ஒட்டிக்குது, அப்படித்தானே என்றான். ஆமாம் என்றேன், இந்தத் தடவை காது கொடுத்து. அப்ப யாராச்சும் பின்னால தள்ளி வுட்டா? என்றான்.

டீ ஆறிப் போனது.


அக். 4, சனி

தூறல். மூன்று நாள் ஃபேனில் கொஞ்சம் தேறியிருக்கிறது. வலது பாதி பிழைத்துக்கொண்டது. இடது பாதியில் கட்டைகள் பெரும்பாலும் எழுகின்றன. ஆறு சுத்தியல் மட்டும் அடித்துவிட்டுக் கம்பியிலேயே சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்து நின்றால் அந்தக் கம்பியின் ஒலி அங்கேயே செத்துவிடும், அடுத்த தடவை அடிக்கவும் அடிக்காது. ஸ்ருதியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அண்ணன் முன் பலகையைக் கழற்றிவிட்டு இடது ஓரத்தில் நின்றான். அந்த ஆறையும் விரலால் பின்னால் இழுத்துவிட வேண்டும், அடித்த அடுத்த நொடி. பொட்டு மாதிரி ஆறிலும் சுண்ணாம்பு வைத்தேன்.

ஃ. படு தோல்வி. அவனுக்கு எது எப்போது வரும் என்றே தெரியவில்லை. தன் விரலையே சுத்தியலில் நசுக்கிக்கொள்ளப் பார்த்தான். தினமும் கேட்கிறாயே என்று கத்தினேன். அது ஒரே கொசகொசன்னு இருக்கும்டி, அதை ஆரம்பிச்சதும் நான் டீ குடிக்கப் போயிடுவேன் என்றான். நாலு குரல். நாலு நூற்றாண்டு. டீ குடிக்கப் போயிடுவான்.

அதனால் ஃ.-வுக்குத் தலையசைப்பு. நான் தலையைக் குனிந்தால் அவன் இழுக்கணும். மத்தியானம் வரை அதுவே. கழுத்து வலி. அம்மா எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கினு இன்னா பண்றீங்க என்றாள்.

எ. தப்பித்தது. ஓட்டமெல்லாம் வலது பக்கம், மேல் வரிசையில்.

ஸொ.-வுக்கும் தலையசைக்க ஆரம்பித்தேன். நீ ஆட்டாத, இது எனக்குத் தெரியும் என்றான். தெரிந்தது. ஒரு இடம் தவறவில்லை. நான் இழுத்து வாசித்தால் காத்திருந்தான், வேகமாகப் போனால் வந்தான். எப்படி என்று கேட்டேன். வலை கட்ற வேகம் இதுக்குத்தான் ஒத்து வரும், அதனால இது வரும்போதுதான் நிறைய கட்டுவேன் என்றான்.

விதிகளை மறுபடி படித்தேன். சுத்தியலைப் பிடித்துக்கொள்ள ஆள் வைக்கலாமா கூடாதா என்று எங்கேயும் இல்லை. யாருக்குத் தோன்றியிருக்கும். வரிசை நம் இஷ்டம் என்று இருக்கிறது. ஸொ. கடைசியிலேயே இருக்கட்டும்.


அக். 5, ஞாயிறு

விடியலிலேயே மழை. அண்ணன் கடலுக்குப் போகவில்லை, அஞ்சாவது நாளாக. போன் சார்ஜ் நூறு. ரெண்டு தடவை பார்த்தேன். அலமாரி மேல் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தோம்.

டேக் 1: ஃ. பாதியில் தெருவில் டெம்போ. பழைய இரும்பு, பித்தளை, ஈயம் இருந்தா எடுத்துக்கறோம் அம்மா. அண்ணன் பியானோவைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நிறுத்தினோம்.

டேக் 2: ஃ.-வில் எனக்கே மறந்துபோனது. மூன்று வருடமாக வாசிக்கிறேன். கழுத்து ஆட்டுகிற கவனத்தில் கை மறந்துவிட்டது. அழுகை. அம்மா நீராகாரம் கொண்டுவந்தாள்.

டேக் 3: எ. வரைக்கும் நன்றாக. பிறகு கரண்ட் போனது, மழை மூட்டத்தில் வீடியோ இருட்டாகிவிட்டது. அதில் என் கையே தெரியவில்லை.

வேண்டாம்ணா, போதும் என்றேன். நிஜமாகவே போதும் என்றுதான் இருந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள். ஊறின கம்பளி, ஆயில் கம்பி, எங்கோ அலைகிற ஸ்ருதி. செவ்வாய்க்கிழமை ஒருத்தி வாசித்தாளே, அவளை யாரும் கேட்கவில்லை. ஆறு சுத்தியலிலும் சுண்ணாம்பு அழிந்திருந்தது, அண்ணன் மறுபடி வைத்தான். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது.

டேக் 4.

ஃ. சுமார். ரெண்டு இடத்தில் ஒலி விழவில்லை. எ. சரி. ஸொ. என்ன சொல்ல. செவ்வாய்க்கிழமை மாதிரி இல்லை. ஆனால் வேறு மாதிரி. என் இடது கை பக்கத்தில் அவன் கை போய்ப் போய் வந்தது, நகத்தில் ஆயில் கறுப்போடு. ஃப்ரேமில் முழங்கை வரை விழுந்திருக்கிறது. கடைசி கார்டு கீழே, மூன்று கட்டை, அதில் ரெண்டு சுண்ணாம்புச் சுத்தியல். அடித்தேன். அவன் ரெண்டையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். பிடித்திருந்தால்தான் கம்பி ஒலிக்கும், விட்டால் சாய்ந்து ஒலியை அமுக்கிவிடும். நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அவனும் கையை எடுக்கவில்லை. ஒலி மெலிந்து, இன்னும் மெலிந்து, மழைச் சத்தத்துக்குள் போனது. நின்றுவிட்டதா இல்லையா என்று தெரியாத இடம் ஒன்று உண்டு. அங்கே இருந்தோம். அப்போது அவன் குரல், ரகசியம் மாதிரி:

"வுட்டுடட்டுமாடி?"

"இருண்ணா. இன்னும் கொஞ்சம்."

ரெண்டும் வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது. வெட்டக் கூடாது என்பது விதி. அப்படியே அனுப்பிவிட்டேன்.